கல்யாணி பிடித்து வைத்த தண்ணீர்

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் நான்கு நீல டிரம்களும் கவிழ்ந்து கிடந்தன.

பங்குனி வெயில். வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு, குளிப்பதற்காகச் சந்து வழியே பின்பக்கம் போனேன். சிமெண்ட் தரை முழுவதும் ஈரம். அந்த ஈரத்தின் நடுவில் டிரம்கள் வாய் கீழாக, வரிசையாக, துடைத்து வைத்த பாத்திரங்களைப்போல இருந்தன.

அக்கா கையில் தென்னந்துடைப்பத்தோடு நின்றாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முட்டிவலிக்காரி. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“எல்லாத் தண்ணியையும் கொட்டிட்டேன்டா மணி. சாவு விழுந்த வீட்டுல ஒரு சொம்பு பழைய தண்ணி இருக்கக்கூடாது. யார்கிட்டயும் விடல, நானேதான் கழுவினேன். கல்யாணிக்கு இதுல ஒரு குறையும் வெக்கல” என்றாள்.

“மீன்தொட்டி?” என்று கேட்டேன்.

“அதுலயும் முக்காவாசி மாத்திட்டேன். பாவம், அந்த டிக்காஷன் தண்ணியில எப்படித்தான் இருந்துச்சுங்களோ! மோட்டார் போட்டுப் புதுத் தண்ணி விட்டிருக்கேன். போய்ப் பாரு, பளிங்கு மாதிரி இருக்கு.”

மனைவியை எரித்துவிட்டு வந்த மனிதன் அப்போது மீனைப் பற்றிக் கவலைப்பட்டானா என்று யாராவது கேட்கலாம். ஆமாம், பட்டேன். அழுவதற்கு எனக்கு வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை.

இந்த அத்தியாயத்தைப் பற்றி

இந்தத் தொடரில் மறைமலை நகர் கம்பெனியைப் பற்றி, கம்பெனி பஸ்ஸைப் பற்றி, கேண்டீன் சாம்பாரைப் பற்றியெல்லாம் எழுதித் தள்ளிவிட்டேன். கல்யாணியைப் பற்றி மட்டும் அங்கொரு வரி, இங்கொரு வரி. “உங்கள் மனைவி மீன் வளர்த்ததாக எழுதினீர்களே, அது என்ன ஆனது?” என்று பெருங்களத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தக் கேள்வி மேசைமேல் பல வாரமாகக் கிடக்கிறது. இனியும் கேண்டீன் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

கல்யாணி குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவள். குப்பி, குழாய், லிட்மஸ் தாள் இவற்றோடு வாழ்ந்தவள். நானோ, ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. ஒரு போல்ட் நூலிழை பிசகினால் தூக்கி எறிகிற உத்தியோகம். இப்படி இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் தோசை வட்டமாக இல்லை என்பதற்குக்கூட விசாரணை நடக்கும். நடந்தது.

போர் தண்ணீர்

சேலையூருக்கு உள்ளே இருக்கிற எங்கள் காலனியின் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். வாளியில் படிந்த உப்பை அரிவாள்மணையால் சுரண்டுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குடிக்க எல்லோர் வீட்டிலும் உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. மெஷினோ கேன் தண்ணீரோதான்.

இந்தத் தண்ணீரில் மீன் வளர்க்க முடியுமா என்றால், முடியும். எந்த மீன் என்பதுதான் கேள்வி.

“தண்ணிக்கு ஏத்த மீன வாங்கணுங்க. மீன வாங்கிட்டு வந்து தண்ணியோட மல்லுக்கு நிக்கக்கூடாது” என்பாள் கல்யாணி. கப்பி, மோலி இரண்டும் உப்புத் தண்ணீரில் ஆனந்தமாக இருக்கும் என்று காலனியில் கேட்டவர்களுக்கெல்லாம் குட்டி போட்டதைக் கொடுத்தாள். எங்கள் தெருவில் பாதி வீட்டு மோலிகள் எங்கள் வீட்டுச் சம்பந்திகள்தான்.

ஊருக்கு இப்படி உபதேசம் செய்தவள், தனக்கு மட்டும் அதைக் காற்றில் விட்டாள். ஒருமுறை கொளத்தூர் மீன் சந்தையில் டிஸ்கஸ் என்கிற மீனைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கை அகலத்தில் தட்டையாக, ஆரஞ்சும் நீலமும் கலந்து, அவசரமே இல்லாமல் திரும்புகிற மீன். “நம்மளப் பாக்குதுங்க” என்றாள். பார்க்கத்தான் செய்தது.

ஆனால் அதற்கு வேண்டியது உப்பில்லாத மெல்லிய தண்ணீர், சற்றே புளிப்புத்தன்மை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற இளஞ்சூடு. எங்கள் போர் தண்ணீர் இந்த மூன்றுக்கும் நேர்ப் பகை.

அதனால் மழை பிடிக்க ஆரம்பித்தாள். ஐப்பசி, கார்த்திகையில் ஊரே ‘எப்போது விடும்’ என்று வானத்தைப் பார்க்கும்போது இவள் மட்டும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று பார்ப்பாள். முதல் மழையைப் பிடிக்க மாட்டாள், மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவாள். பிறகு வருகிறதைத் துணி கட்டி டிரம்மில் இறக்குவாள். வெறும் மழைத்தண்ணீரும் ஆகாது, அதில் பிடிமானம் இல்லை என்று சொல்லி போர் தண்ணீரைக் கொஞ்சமே கொஞ்சம் சேர்ப்பாள். பாதாங்கொட்டை மரத்தின் சருகைப் பொறுக்கி வந்து அதில் ஊறப்போடுவாள். நாலைந்து நாளில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அந்தச் சருகுச் சாறுதான் மீனுக்கு மருந்து.

நான்கு டிரம் என்பது அடுத்த மழைவரைக்கும் அந்த மீன்களுக்கான உயிர். இதைத்தான் அக்கா கொட்டினாள்.

பாபு கடையில் ஒரு சண்டை

தாம்பரம் மார்க்கெட் பக்கம் பாபு என்று ஒருவர் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் கல்யாணி அங்கே தீனி வாங்கப் போவாள். நான் பை தூக்கப் போவேன்.

பாபுவின் கொள்கை ஒன்றுதான். “மீனுன்னா மீனுதான். எல்லாத்தயும் ஒண்ணா வுடு, பழகிகினு இருக்கும்.” தங்கமீனையும் டைகர் பார்பையும் ஏஞ்சலையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்துவிடுவார். கல்யாணி சும்மா இருப்பாளா?

ஒரு நாள் ஒரு புதுத் தம்பதி ஏஞ்சல் மீன் இரண்டும் டைகர் பார்ப் நாலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் நடுவில் புகுந்துவிட்டாள்.

“அந்த வரி போட்டது துடுக்குங்க. ஏஞ்சலோட நீள வால், துடுப்பு எல்லாத்தையும் கடிச்சே கொன்னுடும். அதை வாங்கறதுன்னா கூட்டமா அதை மட்டும் வாங்குங்க. இல்ல, ஏஞ்சலுக்கு சாதுவா ரெண்டு மீன் பாருங்க. உங்க வீட்டுத் தண்ணி போரா, லாரியா?”

“யக்கா! இன்னாக்கா நீ, யாவாரத்தக் கெடுக்க வந்தியா? கஸ்டமர் ஆச ஆசயா வாங்கிகினு போறாரு, நடுவுல பூந்து பேஜார் பண்றியே!” என்று பாபு கத்தினார்.

“ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போய் ஒரு வாரத்துல பொணத்தை அள்ளுவாங்க. அப்புறம் மீனே வேண்டாம்னு தொட்டியைப் பரண்ல போட்டுடுவாங்க. அப்ப யாருக்கு வியாபாரம் கெட்டது பாபு?”

பாபு முணுமுணுத்துக்கொண்டே வலையை ஆணியில் மாட்டினார். அதற்காகக் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். கல்யாணி கடைக்குள் வந்தால் மட்டும், வாடிக்கையாளரை மெதுவாக இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

எங்கள் தொட்டியில் கடைசியாக இருந்தது ஒரு டிஸ்கஸ் ஜோடி. அவற்றோடு நீலமும் சிவப்புமாக மின்னுகிற ஒரு கூட்டம் டெட்ராக்கள். சூடும் மெல்லிய தண்ணீரும் இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகும், ஒன்றையொன்று சீண்டாது. ஜோடியில் பெரிய மீனுக்குப் ‘பெரியவ’ என்று பெயர். அது கல்யாணியின் விரலிலிருந்து தீனி வாங்கித் தின்னும். நான் விரலை நீட்டினால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கே அவள் ஊட்டிவிட்டதில்லை என்று ஒருமுறை சொன்னேன். “நீங்க அதுமாதிரி அமைதியா வந்து நில்லுங்க, பார்ப்போம்” என்றாள்.

அக்கா பார்த்த பொருத்தம்

அக்கா செங்கல்பட்டில் இருக்கிறாள். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குப் பெண் பார்த்தவள் அவள்தான். கல்யாணியின் ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டினாள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று மூன்று பேரும் சொன்ன பிறகுதான் பூ வைக்கவே போனாள். ரஜ்ஜு பொருந்துகிறதா என்பதை மட்டும் நாலாவதாக ஒருவரிடமும் கேட்டாளாம். கணவன், மனைவி ஆயுளைச் சொல்வது அந்தப் பொருத்தம்தான் என்பார்கள். அவரும் தீர்க்கமாகத் தலையாட்டியிருக்கிறார். ஜோசியர்களைப் பற்றி இந்த இடத்தில் எழுத எனக்குச் சில வார்த்தைகள் தெரியும், பத்திரிகையில் போட மாட்டார்கள்.

கல்யாணி போனது மூளையில் ரத்தக் கசிவால். காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்மூடிக் கிடந்தாள். பேச்சே இல்லை. வீட்டுக்கு அமரர் ஊர்தியில்தான் வந்தாள்.

அக்காவுக்கும் அவளுக்கும் இருந்தது வழக்கமான நாத்தனார் உறவு இல்லை. என் மேல் புகார் சொல்ல அவள் அக்காவுக்குத்தான் போன் போடுவாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பிழிந்து காயப்போட்ட நாட்கள் நிறைய. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த டிரம்களைக் கவிழ்த்த கைகளில் வன்மம் இல்லை. தான் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த பெண்ணுக்குக் கடைசியாகச் செய்கிற மரியாதை என்று நினைத்து, முட்டிவலியோடு அவள் அதைச் செய்தாள்.

பளிங்கு மாதிரி

தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா சொன்னது உண்மைதான். தொட்டி அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சருகுகளை எல்லாம் அள்ளி எறிந்து கண்ணாடியைத் துடைத்திருந்தாள்.

டெட்ராக்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. டிஸ்கஸ் இரண்டும் ஒரு மூலையில். ஆரஞ்சு போய்க் கரி பூசியதுபோல் ஆகியிருந்தன. துடுப்பு உடம்போடு ஒட்டிக்கிடந்தது. மெல்லிய தண்ணீரில் கெடுதல் செய்யாமல் அடங்கிக்கிடக்கிற கழிவு, உப்புத் தண்ணீர் சேர்ந்ததும் விஷமாகிவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், கல்யாணி இருந்திருந்தால் இந்த மீன்கள் இப்படி நின்றிருக்காது என்பதுதான்.

அக்காவைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. திரும்பினேன். அவள் கல்யாணியின் படத்துக்கு முன்னால் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

சுடுகாட்டுக்கு எங்களோடு வந்திருந்த என் மகள் நித்யா பின்னாலேயே வந்தாள். கல்யாணமாகிப் பொத்தேரியில் இருக்கிறாள், அங்கேயே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள், சின்ன வயதிலிருந்து அம்மாவோடு தொட்டியைக் கழுவியவள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கேன் தண்ணி இருக்குல்ல, மொத்தமா ஊத்திடலாம்” என்றேன்.

“வேணாம்ப்பா. ஒரு தடவை அதிர்ச்சி ஆயிடுச்சு, திரும்ப ஒரே அடியா மாத்தினா அதுலயே போயிடும். அம்மா சொல்வாங்க, கெட்டது வேகமா நடந்தாலும் அதைச் சரிபண்றது மெதுவாத்தான் நடக்கணும்னு.” சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொட்டுச் சொட்டா விடணும். நிறைய ஆர்.ஓ. தண்ணி வேணும்ப்பா. தினமும் வேணும்.”

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷின் வந்து போகிறவர்களின் காபிக்கே போதவில்லை.

வாசலுக்கு வந்த தண்ணீர்

நான் போய்க் கேட்க முடியாது. கொள்ளி வைத்தவன் காரியம் முடியும்வரை இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. நித்யாவும் தீட்டுக்காரிதான். எதிர்வீட்டு வசந்தா டீச்சருக்கு அவள் வாசலில் நின்றபடியே போனில் சொன்னாள். இருவருக்கும் நடுவில் இருந்தது தெருவின் அகலம்தான்.

அன்று மாலையே தண்ணீர் வர ஆரம்பித்தது. மோலி வாங்கிப் போன வீடுகள் எல்லாம் குடத்திலும் கேனிலும் ஆர்.ஓ. தண்ணீரைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயின. துக்க வீட்டுக்கு வந்தால் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லக்கூடாது என்பதால், குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குடங்கள். கல்யாணி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு கேனை மேலே வைத்து, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டோம். கொல்லையில் தேடிப் பாதாங்கொட்டைச் சருகு சிலதை நித்யா கண்டுபிடித்து ஊறப்போட்டாள்.

அக்காவிடம் ‘மீனுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தோம். நாலைந்து நாள் அப்படியே ஓடியது. ஒரு காலை, கேனை இறக்க வந்த வசந்தா டீச்சர் அக்கா நிற்பதைக் கவனிக்காமல், “அந்த மழைத்தண்ணியை யாரோ கொட்டிட்டாங்களாமே நித்யா, அதுல இல்ல இருந்துச்சு அதுங்க உயிரு” என்று சொல்லிவிட்டார்.

அக்கா உள்ளே போய்த் தொட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குள் டெட்ராக்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. டிஸ்கஸில் சின்னதும் போய்விட்டது. பெரியவ மட்டும் மூலையில் கறுப்பாக நின்றது.

“அழுக்குத் தண்ணின்னு நெனச்சேன்டா” என்றாள். “செத்தவ வீட்டுல அழுக்குத் தண்ணி எதுக்குன்னு கொட்டிட்டேன். அது அவ சேர்த்து வெச்சதா?”

“தெரியாமத்தானே அக்கா” என்றேன்.

“இது பொழைக்கட்டும். இது தின்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் நான் செங்கல்பட்டுக்குப் போக மாட்டேன்.”

சொன்னபடி செய்தாள். வந்தவர்களோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பேசினாள், அழுதாள், சாப்பிட்டாள். சொட்டு நின்றுவிட்டால் அவள்தான் முதலில் பார்ப்பாள். “நித்யா, குழா அடைச்சுக்கிச்சு பாரு!” காரியத்தன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். பெரியவ மூலையை விட்டு வந்து ஒரு புழுத்துண்டை விழுங்கியிருந்தது. வயிற்றுப் பக்கம் லேசாக ஆரஞ்சு தெரிந்தது.

அக்கா இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மறுநாள் மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பெரியவ செத்துப்போயிற்று.

நாலு மணி போன்

செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தேன். கைகழுவிவிட்டு உள்ளே வந்தபோது போன் அடித்தது. அக்கா.

“பெரியவ சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா அக்கா.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் வேறு எதைச் சொல்வது? பெண்டாட்டியைக் கொடுத்தாகிவிட்டது. அக்காவையும் அந்தக் குற்றத்துக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாளும் அதே மாலை நாலு மணிக்கு. அதற்கு மறுநாளும். வெறும் ‘சாப்பிட்டா’ போதவில்லை, அக்காவுக்கு விவரம் வேண்டும். என்ன தின்றது, எந்தப் பக்கம் நின்றது, நிறம் வந்ததா. நானும் சொல்லிக்கொண்டே போனேன். இன்று கண்ணாடி பக்கத்தில் வந்தது. இன்று என் விரலைக்கூட மோந்து பார்த்தது. காலையில் எழுந்ததும், இன்றைக்கு அக்காவிடம் எதைச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனையில்தான் பல் தேய்த்தேன், சட்டை மாற்றினேன்.

ஆடி பிறக்கிற சமயத்தில் அக்கா ஒரு குண்டைப் போட்டாள். “வெள்ளிக்கிழமை வரேன்டா. பெரியவளப் பாத்து நாளாச்சு.”

காலிப் பை

வியாழக்கிழமை பாபு கடையில் நின்றேன். கல்யாணி போன செய்தி அவருக்கு முன்பே தெரியும். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

தொட்டிக் கண்ணாடிக்குள் ஒரு டிஸ்கஸ், ஏறக்குறைய பெரியவ அளவு, ஏறக்குறைய அதே ஆரஞ்சு. “அதைக் கட்டுங்க” என்றேன்.

“வூட்ல இன்னா தண்ணி வெச்சிகினு கீற சார்?”

பாபு வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மழை இன்னும் வரவில்லை, தொட்டியில் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரும் மீதி போர் தண்ணீரும்தான் என்றேன். தனியாக ஒரு மீன்தான் என்றும் சொன்னேன்.

பாபு வலையை எடுத்தார். தொட்டிக்குள் விட்டார். பிறகு வெளியே எடுத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

“வாணாம் சார். அந்தத் தண்ணில ரெண்டு நாள் தாங்காது. இது கூட்டமா இருக்கற ஜாதி, ஒண்டியா வுட்டா ஏங்கியே பூடும். யக்கா இருந்தா என்னயச் செருப்பாலயே அடிக்கும்.”

“ஒரே ஒரு நாளைக்கு பாபு. நாளைக்கு எங்க அக்கா பார்க்கணும்.”

“ஒரு நாளைக்குன்னு ஒரு உசுர வாங்கிகினு போவியா சார்? நீ யக்கா வூட்டுக்காரரு.”

கல்யாணி இத்தனை வருஷம் கத்தியது ஒருவர் காதிலாவது ஏறியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் மார்க்கெட் நெரிசலில் கொண்டுபோன பையை மடித்துக்கொண்டு நடக்கும்போது, அவளை இன்னொரு முறை தூக்கிக்கொண்டு போவதுபோல எனக்கு இருந்தது.

செங்கல்பட்டு வண்டி

அக்கா வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டிக்கு முன்னால் போனாள். ஏர் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை.

“அக்கா, நேத்துதான்...” என்று ஆரம்பித்தேன்.

“நேத்து இல்லடா. நான் ஊருக்குப் போன வாரமே போயிடுச்சு. நித்யா அன்னிக்கே சொல்லிட்டா.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “அப்புறம் ஏன் தினமும் கேட்டே?”

“வேற எதைக் கேட்டாலும் நீ ‘ம்’னுதானே சொன்னே? நித்யா கேட்டாலும் ‘ம்’. மாப்பிள்ளை கேட்டாலும் ‘ம்’. அந்த மீனப் பத்திக் கேட்டாத்தான் நாலு வார்த்தை பேசினே. கேட்டுக்கிட்டிருந்தேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நான் கொன்னதை நீ தினமும் எழுப்பி உக்கார வெச்சு எனக்குக் காட்டினேடா. அதையும் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

அக்கா சமையலறைக்குள் போனாள், டப்பாக்களைத் திறந்து மூடினாள், சாம்பார் வைத்தாள். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

மறுநாள் நாலு மணி நெருங்கியது. இனிமேல் போன் வராது என்று நினைத்தேன். கேட்பதற்கு மீனும் இல்லை, பொய்யும் இல்லை. அப்படி நினைக்கும்போதே பயமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன் அடித்தது.

“நீ சாப்பிட்டியாடா?”

“சாப்பிட்டேன் அக்கா.”

“என்ன வெச்சே?”

“ரசம்.”



“கல்யாணி அரைச்ச ரசப்பொடி டப்பா காலிடா” என்றாள் அக்கா. “நேத்துதான் நான் திறந்து பாத்தேன்.”

போனைக் கீழே வைக்காமல் இரண்டு பேரும் அழுதோம்.